ஒரு மலை, மூன்று வேலி

கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டையூசி வளைவுகள். அடிவாரத்துக் காரவள்ளியைக் கடந்து பேருந்து செம்மேட்டில் போய் நிற்கும்போது ஏறியவர்க்குத் தலை சுற்றும். மலைமேல் வாழும் தமிழ்ப் பிள்ளை எந்தத் துறையின் பள்ளியில், யாருடைய ஆளுகையில் படிக்கிறது என்று கேட்டுப் பார்ப்பவர்க்கோ அதனினும் மிகுதியாகச் சுற்றும்.

ஊராட்சி ஒன்றியப் பள்ளி, பள்ளிக் கல்வித்துறையின் கையில். உண்டு உறைவிடப் பள்ளி, பழங்குடியினர் நலத்துறையின் கையில். செங்கரையில் உள்ள ஏகலைவா உறைவிடப் பள்ளியோ நடுவணரசின் திட்டத்தில். ஒரே வீட்டில் பிறந்த அண்ணனுக்கு ஒரு துறை, தங்கைக்கு ஒரு துறை என்று பிள்ளைகளைக் கூறுபோட இங்கு வழியிருக்கிறது. மலையிறங்கினால், சேந்தமங்கலத்து அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் இராசிபுரத்துப் பிள்ளைக்கும் துறை ஒன்றே.

2023 மார்ச்சுத் திங்களில் வரவு செலவுத் திட்டத்தை முன்வைத்த அன்றைய பொருளமைச்சர் பழனிவேல் தியாகராசன், ஆதிதிராவிடர் நலம், பழங்குடியினர் நலம், பிற்படுத்தப்பட்டோர் நலம், அறநிலையம், காடு முதலிய துறைகள் நடத்தும் பள்ளிகள் யாவும் பள்ளிக் கல்வித்துறையின்கீழ்க் கொணரப்படும் என்றார். 2024இல் ஓய்வுபெற்ற உயர்மன்ற நடுவர் சந்துருவின் குழுவும் பள்ளிகளுக்கு ஒரே ஆளுகை வேண்டும் என்று பரிந்துரைத்தது. எதிர்ப்பும் உடனே எழுந்தது. ஒடுக்கப்பட்டோர்க்கெனத் தோன்றிய பள்ளிகளின் பணமும் பணியிடமும் விடுதியும் பெருந்துறையின் வயிற்றுக்குள் போய்விடும் என்பதே எதிர்த்தோர் கூற்று. அவ்வச்சம் வெற்றச்சம் அன்று. மலைப்பணியைத் தண்டனையாகக் கருதும் அலுவலர் கூட்டம் இருக்கும்வரை அவ்வச்சமும் இருக்கும். ஆயினும் அந்நோய்க்கு வேலி மருந்தாகாது.

கொல்லிமலை மலையாளிகள் யார்? (கேரளத்தாரைக் குறிக்கும் சொல் என்று மயங்குவோர் நகர்களில் இன்றும் உளர். மலையில் வாழ்பவர் என்பதே இங்குப் பொருள்.) தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர் என்று தாமே வழிவழியாகச் சொல்லி வருபவர். அவர்கள் வீட்டில் பேசுவது தமிழ். வளப்பூர்நாடு, வாழவந்திநாடு, சேளூர்நாடு, அரியூர்நாடு என வாழும் ஊரின் பெயரும் தமிழ். உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கும் பாடநூல், அடிவாரத்து அரசுப் பள்ளிப் பிள்ளை படிக்கும் அதே நூல். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் அதுவே. பின் எதில் வேறுபாடு? வறுமையில், வழியின்மையில், சாமையும் மிளகும் விளைவிக்கும் தாய் தந்தையர் கூலி தேடி மலையிறங்கும்போது பிள்ளைக்குச் சோறிட ஆளில்லாமையில். இவற்றுக்கு வேண்டியவை உண்டியும் உறைவிடமும். அவற்றைக் காட்டித் தனித்துறை என்னும் தடுப்பை எழுப்புவது எதற்கு? "அது எம் பள்ளியன்று" என்று கல்வி அலுவலர் ஒதுங்கவும், "பாடம் நடத்துவது எம் கடனன்று" என்று நலத்துறை அலுவலர் ஒதுங்கவுமே அத்தடுப்பு உதவும். அதே நாமக்கல் மாவட்டத்தின் கீழ்நாட்டில் பெருங்கட்டணம் பெறும் உறைவிடப் பள்ளிகளுக்குத் தமிழகமெங்குமிருந்து பிள்ளைகள் வந்து சேர்கின்றனர். மலைப் பிள்ளையின் பள்ளிக்கு மட்டும் உரிமையாளர் யாரென்பதே வழக்கு.

பிரிந்து கிடக்கும் பள்ளிக்குள் வேற்றார் எளிதில் நுழைவர். 2023இல் நடுவணரசு, நாடெங்கும் 740 ஏகலைவா பள்ளிகளுக்கு 38,800 ஆசிரியரையும் பணியாளரையும் மூன்றாண்டுகளில் அமர்த்தப் போவதாக அறிவித்தது. அதன்முன் மாநிலங்கள் ஆளெடுத்த பணிக்கு அவ்வாண்டு தில்லி தானே தேர்வு நடத்திற்று. அத்தேர்வில் இந்தியறிவு கட்டாயம்! தென்மாநிலப் பழங்குடிப் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்த வடபுலத்தார், ஊர்மொழி தெரியவில்லை, உணவு ஒத்துக்கொள்ளவில்லை, இடம் மாற்றுக என்று கேட்ட செய்தி 2024இல் வெளிவந்தது. தாய்மொழியில் ஐயம் கேட்க முடியாத பிள்ளை அவ்வாசிரியர்முன் என்ன செய்யும்? செங்கரைக்கு அந்நிலை வாராது என்று பிணை நிற்பவர் யார்?

பெயரையும் நோக்குக. ஏகலைவன் என்பவன் வடவர் கதையில் வில் பயின்ற வேட்டுவச் சிறுவன். பயின்றதற்குக் கூலியாகத் துரோணனுக்கு வலக்கைக் கட்டைவிரலை அறுத்துக் கொடுத்தவன். கொல்லியின் வில்லாளியோ ஓரி. ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகியவற்றை ஊடுருவ எய்த அவன் திறத்தைப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். அவன் மலையில் பிறந்த பிள்ளையின் பள்ளிக்கு விரலிழந்தவன் பெயர்! தில்லி ஓரியை அறியாதிருக்கலாம். ஆடித் திங்களில் செம்மேட்டில் வல்வில் ஓரி விழாவுக்கு மேடை போடும் சென்னையும் அறியாதா?

எனவே பள்ளிகள் ஒன்றாகட்டும்; செங்கரைப் பள்ளியும் தமிழக அரசின் முழு ஆளுகைக்கு வரட்டும். ஆனால் ஒன்றாக்குவது வேறு, விழுங்குவது வேறு. உறைவிடமும் மூவேளை உணவும் ஒருநாளும் குறைதல் ஆகாது. பழங்குடி ஆசிரியர்க்குரிய இடங்களும் பணிமூப்பும் ஆணையிலேயே எழுதிக் காக்கப்படல் வேண்டும். பணத்தைப் பற்றிய அச்சத்துக்கு விடை 2024இல் தமிழக அரசு இயற்றிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தில் இருக்கிறது. அவர்க்கென ஒதுக்கிய பணம் அவர்க்கே செலவாக வேண்டும் என்பதற்காக வந்த சட்டம் அது. துறை மாறினும் பிடி தளராமல் அதைப் பற்றிக்கொள்வது மலை மக்களின் உரிமை. பிள்ளைகள் குறைவு என்று கணக்குக் காட்டிச் சிற்றூர்ப் பள்ளியை மூடும் வேலையும் இங்குக் கூடாது. கீழ்நாட்டில் அடுத்த ஊர் என்பது கூப்பிடு தொலைவு. மலையில் அது ஒரு பள்ளத்தாக்குக்கு அப்பால்.

2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் பெருக்கப்பட்ட ஆங்கிலவழிப் பிரிவுகள் என்னும் நோயைத் தொற்றிக்கொள்வதற்கும் இவ்விணைப்பு அன்று. மரத்தையும் மருந்துச்செடியையும் தமிழ்ப்பெயரால் அறிந்து வளரும் பிள்ளைக்கு நிலைத்திணையியலை ஆங்கிலத்தில் ஓதுவிப்பது மடமை.

இணைப்பாணையில் கையெழுத்திடும் அலுவலர் அதைச் சென்னைத் தலைமைச் செயலகத்தில் இடவேண்டியதில்லை. அந்த 70 வளைவுகளையும் ஒருமுறை ஏறி வந்து, செம்மேட்டில் பெற்றோர் முன்னிலையில் ஆணையை முழுதும் தமிழில் படித்துக் காட்டி, அவர்கள் கேட்பவற்றுக்கு விடை சொல்லிய பின் இடட்டும்.