கடிவாளம்

மோட்டார் சைக்கிள் என்றதும் நம்மவர்கள் முதலில் கேட்பது குதிரைத்திறன். 2016-இல் 411 சிசி எஞ்சினுடன் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனை 'இழுவை போதாது' என்று ஒதுக்கியவர்கள் உண்டு. 2023-இல் அதன் 452 சிசி வடிவம் ஏறத்தாழ 40 குதிரைத்திறனோடு வந்ததும் அவர்களே மெச்சினார்கள். இந்த அளவுகோலே பிழை என்பது என் எண்ணம்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறப் பழைய வண்டியின் 24 குதிரைத்திறனே தாராளம். சோதனை இறங்கும்போதுதான். பிரேக்கையே அழுத்திக்கொண்டு இறங்கினால் அது சூடேறிப் பிடிப்புத் தளரும். இரண்டாம் கியரில் இறங்கினால் எஞ்சினே வேகத்தை அடக்கும். வேகம் இரட்டித்தால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். எந்தக் குதிரைத்திறனும் இவ்விதியை மாற்றாது.

ஏபிஎஸ் இருக்கிறதே என்பார்கள். சக்கரம் சுழலாமல் இறுகிவிடுவதை அது தடுக்கும், உண்மை. ஆனால் சரளை மண்ணில் நிற்கும் தூரத்தை அதுவே நீட்டிவிடவும் கூடும். 2020 முதல் ஹிமாலயனின் பின்சக்கரத்துக்கு மட்டும் அதை அணைத்துவைக்கும் வசதி தந்தது இதனால்தான். எப்போது அணைப்பது என்ற விவேகத்தை எந்த நிறுவனமும் வண்டியோடு சேர்த்து விற்பதில்லை.

எத்தனை குதிரை என்று கேட்குமுன் கடிவாளம் எப்படி என்று கேட்போம். அதைப் பிடிக்கும் கை எப்படி என்றும்.