கடை அடைத்த ஐந்து மாதம்

“உங்களுக்கென்னம்மா! வருஷத்துல அஞ்சு மாசம் கடையைப் பூட்டிட்டு ஹாயா இருக்கீங்க. கொடுத்து வெச்சவங்க!”

புதுச்சேரிக்குப் போகும்போதெல்லாம் உறவுக்காரப் பெண்கள் என்னிடம் சொல்வது இது. நானும் சிரித்து மழுப்பிவிடுவேன். அந்த ஐந்து மாதம் உண்மையில் எப்படிப் போகிறது என்பதை இந்தத் தடவை உங்களிடம் மனம் விட்டுச் சொல்லிவிடுகிறேன், சகோதரிகளே.

நாங்கள் இருப்பது பிரான்சின் தென்மேற்கே, பிரெனே மலை அடிவாரத்தில் உள்ள லூர்து. 1858-ல் பெர்னதெத் என்ற ஏழைச் சிறுமிக்கு மாதா 18 முறை காட்சி கொடுத்ததாக நம்பப்படும் ஊர். நம் பெரம்பூரிலும் வில்லியனூரிலும் இருக்கும் லூர்து மாதா கோயில்களுக்கு இதுதான் தாய்வீடு. மாமனார் காலத்திலேயே பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தவள் நான். குகைக் கோயிலுக்குப் போகும் வழியில் இருபது பேர் உட்காரும்படி ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறோம். அவர் கல்லாவில், நான் அடுப்படியில்.

ஈஸ்டரிலிருந்து அக்டோபர் கடைசி வரை மூச்சு விட நேரமிருக்காது. ஆகஸ்ட் 15 பெருவிழா சமயத்தில் தமிழ்க் குடும்பங்களும் நிறைய வருவார்கள். “அக்கா, கொஞ்சம் ரசம் கிடைக்குமா?” என்று அவர்கள் கேட்கும்போது கால் வலியெல்லாம் மறந்துபோகும்.

நவம்பர் பிறந்ததும், திருவிழாக் கொடி இறக்கிய மறுநாள் மாதிரி ஊர் வெறிச்சோடிவிடும். குகையில் மட்டும் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருக்கும். பெரும்பாலான ஹோட்டல்களில் பூட்டு தொங்கும். மாதா உருவத்தில் தண்ணீர்ப் புட்டி விற்கும் கடைகளெல்லாம் வரிசையாக இரும்புக் கதவை இறக்கிவிடும். டிசம்பரில் காலை எட்டரைக்குத்தான் சூரியன் உதிக்கும். மாலை ஐந்தரைக்குள் மறைந்துவிடும்.

முதல் குளிர்காலத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. அக்டோபரில் கல்லா நிறைந்திருந்தது. அத்தனையும் நம் பணம் என்று நினைத்து ஊருக்கு அனுப்பினோம், மகளுக்குச் சங்கிலி வாங்கினோம், புது சோபா போட்டோம். ஜனவரியில் கடை வாடகை, காப்பீடு, மின்சாரம், அரசுக்குக் கட்ட வேண்டிய சமூகப் பாதுகாப்புத் தொகை எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றன. எங்களிடம் வேலை பார்த்த பையன்கள் மலை மேல் பனிச்சறுக்கு நடக்கும் கோத்ரே ஊருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். முதலாளி எங்கே போவது?

அதைவிட மோசம் என் நிலைமை. பத்து மணி வரை தூக்கம். எழுந்தால் ரொட்டியும் இனிப்பும்தான் வேண்டியிருக்கும். குளிக்கக்கூட மனசு வராது. காரணமில்லாமல் அழுகை. “சும்மாதானே இருக்கே, உனக்கென்ன கஷ்டம்?” என்று அவர் கேட்டுவிட்டால் அன்றைக்கு வீடு ரணகளம்தான்.

ஒருநாள் ஆறு வயது மகள் சீப்பை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “அம்மா, உனக்குக் காய்ச்சலா? ஏன் தலையே வாரிக்க மாட்டேங்கிறே?” என்றாள். சுருக்கென்று தைத்தது. மறுநாளே மருத்துவரிடம் போனேன்.

அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இது சோம்பேறித்தனம் இல்லை. வெளிச்சம் குறைகிற மாதங்களில் வரும் மனச்சோர்வு” என்றார். தென்னாப்பிரிக்காவிலிருந்து நியூயார்க் வந்த நார்மன் ரோசந்தால் என்ற மருத்துவர், குளிர்காலத்தில் தானே சோர்ந்துபோவதைக் கவனித்தாராம். பிறகு மற்ற மருத்துவர்களோடு சேர்ந்து ஆராய்ந்து, 1984-ல் இதற்கு ஒரு பெயரும் வைத்தாராம். கேட்டதும் எனக்குப் பாதி பாரம் இறங்கியது. நாடு மாறி வந்த ஒரு டாக்டருக்கே வந்ததென்றால், நான் எம்மாத்திரம்! ரத்தத்தில் வைட்டமின் டி-யும் குறைவாக இருந்தது. குளிர்நாட்டு வெயில் போதாது, நம் மாநிறத் தோலுக்கு இன்னும் போதாது. மருந்தை அவர் சொன்ன அளவுக்குத்தான் சாப்பிட்டேன். அளவு மீறினால் அதுவே கெடுதல்.

அன்றிரவு அம்மாவிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா வீடு மீனவர் குப்பத்தை ஒட்டியது. “ஏப்ரல் 15-லேருந்து 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாதுன்னு தடை இருக்கில்ல? அந்த நாள்ல குப்பத்துப் பொம்பளைங்க சும்மாவா குந்தியிருக்காங்க? கருவாடு விக்கிறாங்க, சீட்டுப் பணத்தைச் சேத்து வெச்சிருக்காங்க. ஆம்பளைங்க வலை தைக்கிறாங்க. கடலுக்குப் போகாத நாள்லதான்டி வலையைப் பாக்க முடியும்!” என்றார்.

அதிலிருந்து எங்கள் குளிர்காலமே மாறியது. முதலாவது, பணம். சீசனில் கல்லாவில் 100 யூரோ விழுந்தால் 25 யூரோ தனிக் கணக்குக்குப் போய்விடும். அதற்கு ‘வலைப் பணம்’ என்று பெயர். எவ்வளவு ஆசை வந்தாலும் நவம்பருக்கு முன்னால் தொடுவதில்லை.

அடுத்தது, உடம்பு. கடை இல்லாவிட்டாலும் எழுந்திருக்கும் நேரம் மாறாது. மகளைப் பள்ளியில் விட்டபின் அவரும் நானும் ஆற்றங்கரையோரம் ஒரு மணி நேரம் நடப்போம். மேகம் மூடியிருந்தாலும் வீட்டு விளக்கைவிட வெளிவெளிச்சம் பல மடங்கு அதிகம். சண்டை போட வேண்டியதையும் நடந்துகொண்டே போட்டு முடித்துவிடுகிறோம்!

பிறகு, சமையல். பக்கத்து ஊரான தார்பில் விளையும் வெள்ளை அவரைக்கொட்டை ரொம்பப் பிரசித்தம். இரவே ஊறவைத்து, நம் மொச்சை மாதிரி கத்தரிக்காய் சேர்த்துப் புளிக்குழம்பு வைத்துப் பார்த்தேன். அடுத்த சீசனில் கடையில் அதுதான் முதலில் தீர்ந்தது. குளிரில் இட்லி மாவு பொங்காவிட்டால், மின்சார அவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டுப் பாத்திரத்தை ராத்திரி முழுக்க வைத்துவிடுங்கள். காலையில் பொங்கியிருக்கும்.

கடைசியாக, மனிதர்கள். எதிர்வீட்டுப் பாட்டியிடம் வாரம் இரண்டு நாள் பிரெஞ்சு எழுதக் கற்றுக்கொள்கிறேன். அரசாங்கக் கடிதத்தை நானே படித்துவிடுவதால் இப்போதெல்லாம் தபால்காரரைக் கண்டால் பயமில்லை.

2020 மார்ச்சில் கொரோனாவால் கோயில் வளாகமே மூடப்பட்டது. அதன் வரலாற்றில் அதுதான் முதல் முறை. அந்த வருஷம் எங்களுக்குச் சீசன் என்பதே இல்லாமல் போனது. அரசு கொடுத்த உதவியோடு வலைப் பணமும் இருந்ததால் கடைச் சாவி எங்கள் கையிலேயே தங்கியது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஓர் ‘அடைத்த காலம்’ இருக்கும். கல்யாணத் தையல் வராத ஆடி மாதமாக இருக்கலாம். பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு நாலு சுவருக்குள் இருக்கும் மாதங்களாகவும் இருக்கலாம். அப்போது அழுகையும் அசதியும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், “சும்மாதானே இருக்கேன், எனக்கென்ன?” என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள்.

பிப்ரவரி 11 மாதா திருநாள். அன்று ஊர் கொஞ்சம் கண் விழிக்கும். நாங்களும் கடைக் கதவைத் தூக்கி, சுவருக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கத் தொடங்குவோம். மகள் இப்போது என்னைவிட உயரம். போன வருஷம் பெயிண்ட் வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “அம்மா, தலை கலைஞ்சிருக்கு, வா” என்று சீப்பை எடுத்தாள். “பெயிண்ட் அடிச்சதுல கலைஞ்சதுடீ!” என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.