பெங்காட்டை ஒதுக்காதீர்கள், இலகுவாக்குங்கள்

"டயட்டில் இருக்கிறேன், பெங்காட் வேண்டாம்" என்று சொல்லும் நண்பர்கள், அடுத்த நிமிடமே பபிள் டீ வாங்க வரிசையில் நிற்பதைப் பார்க்கிறேன். மஞ்சள் பூசணியைத் தேங்காய்ப் பாலிலும் குலா மெலாக்காவிலும் வேகவைக்கும் மலாய் இனிப்பான பெங்காட் லாபு மீது ஏன் இவ்வளவு அச்சம்?

பூசணி மீது குற்றமில்லை. 100 கிராம் பூசணியில் சுமார் 26 கலோரிதான். உடல் வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும் பீட்டா கரோட்டினும் அதில் நிறைய உண்டு. கெட்டித் தேங்காய்ப் பாலிலோ 100 கிராமுக்குச் சுமார் 230 கலோரியும் 24 கிராம் கொழுப்பும் இருக்கின்றன.

நால்வருக்கு அரைக் கிலோ பூசணி, 400 மில்லிலிட்டர் கெட்டிப் பால், 160 கிராம் குலா மெலாக்கா என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 40 கிராம் வெல்லம். சேர்க்கும் சர்க்கரையை நாளொன்றுக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். குலா மெலாக்கா இயற்கையானது என்ற சமாதானம் உதவாது. அதுவும் பெரும்பாலும் சர்க்கரையே.

என் யோசனை எளிது. வெந்த பூசணியில் பாதியை மசித்துவிடுங்கள். குழைவு தானாக வரும். கெட்டிப் பால் 150 மில்லிலிட்டர் போதும், மீதிக்குத் தண்ணீர். வெல்லம் 60 கிராம். பாண்டான் இலையும் ஒரு சிட்டிகை உப்பும் இனிப்பை எடுத்துக்காட்டும். ஆளுக்கு வெல்லம் 15 கிராமாகவும், தேங்காய்ப் பாலின் கொழுப்பு சுமார் 24 கிராமிலிருந்து 9 ஆகவும் குறையும். பாலை முற்றாக நீக்கவும் வேண்டாம். பீட்டா கரோட்டினை உடல் ஏற்கச் சிறிது கொழுப்பு தேவை.

இது வெறும் சமையல் குறிப்பு அல்ல. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு. இனவாரியாக இந்தியர்களிடையேதான் அது அதிகம். என் அப்பாவும் அவர்களில் ஒருவர். இலகுவாக்கினாலும் பெங்காட் மருந்தாகிவிடாது. அவருக்குச் சிறு கிண்ணம்தான். ஆனால், அவருக்கென்று தனிச் சமையல் வைத்து ஒதுக்குவதைவிட, வீட்டில் எல்லாரும் உண்பதையே இலகுவாக்குவது மேல்.

நம் வீட்டுப் பாயசத்துக்கும் இதே கணக்குப் பொருந்தும். மாணவர்களே, அடுத்த முறை வீட்டில் இனிப்புச் செய்யும்போது, வெல்லத்தை அளக்கும் வேலையை நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.