மருத்துவம் மட்டுமா உயிரியல்?

மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில் பெரம்பலூர், அரியலூர் மாவட்டப் பள்ளிகளின் வாயிலில் சிறிது நேரம் நின்றால் ஒரு கேள்வியைப் பலர் வாயிலாகக் கேட்கலாம். “உயிரியல் பிரிவில்தானே படித்தாய்? மருத்துவ இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வாய்?” கேட்பவர் தாய்மாமனாக இருக்கலாம், அண்டை வீட்டாராக இருக்கலாம். விடை தெரியாத மாணவி தலைகுனிந்து நிற்கிறாள்.

2018ஆம் ஆண்டு மே மாதத்தில், வேப்பந்தட்டை வட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து மகளை அழைத்துக்கொண்டு பள்ளிக்கு வந்த ஒரு தாய், உயிரியல் ஆசிரியனான என்னிடம் இன்னும் நேராகக் கேட்டார். “சார், பூச்சியையும் புல்லையும் படிச்சா புள்ளைக்குச் சோறு கெடைக்குமா?” அவர் எள்ளி நகையாடவில்லை. மக்காச்சோளக் காட்டில் களையெடுத்துக் காய்த்த கைகளை உடையவர். கணக்குப் பார்த்துத்தான் கேட்டார். நானோ அறிவின் பெருமையைப் பற்றி நீளமாகப் பேசி அனுப்பினேன். சோற்றைப் பற்றிய கேள்விக்கு அது விடையன்று என்பது அவர் படியிறங்கிய பிறகே எனக்கு உறைத்தது. இக்கட்டுரை அவருக்குக் காலந்தாழ்ந்து நான் கூறும் விடை.

பூச்சியைப் படித்தவர்கள்

அந்த மே மாதத்திலேயே கர்நாடக மாநிலம் சிவமொக்காவில் உள்ள வேளாண், தோட்டக்கலை அறிவியல் பல்கலைக்கழகத்தின் பூச்சியியலாளர்கள் மக்காச்சோளக் குருத்துக்குள் இதுவரை இந்நாட்டில் காணாத புழு ஒன்றைக் கண்டனர். அமெரிக்கக் கண்டங்களைத் தாயகமாகக் கொண்டு, 2016இல் ஆப்பிரிக்காவில் நுழைந்து, அங்கிருந்து ஆசியாவை எட்டிய படைப்புழு அது. தலையில் கவிழ்ந்து கிடக்கும் ‘ஒய்’ எழுத்தைப் போன்ற வெளிறிய கோடு. உடலின் பின்பகுதியில் சதுரமாய் அமைந்த நான்கு கரும்புள்ளிகள். இவற்றைக் கொண்டு அதை அடையாளம் காணலாம். அந்த ஆண்டின் மானாவாரிப் பருவத்திற்குள்ளாகவே அது தமிழ்நாட்டு வயல்களுக்கு வந்துவிட்டது. மக்காச்சோளச் சாகுபடியில் மாநிலத்தின் முன்வரிசையில் நிற்கும் பெரம்பலூர் மாவட்டம் அதன் தாக்குதலை முழுமையாக ஏற்றது. பாதிக்கப்பட்ட உழவர்களுக்கு அரசு நிவாரணம் அளிக்கும் நிலை வந்தது.

உழவர்கள் மருந்து தெளிக்காமல் இருக்கவில்லை, தெளித்துக்கொண்டேதான் இருந்தனர். ஆனால், வளர்ந்த புழு பகலில் குருத்தின் அடியில் தன் கழிவையே அடைப்பாக வைத்துக்கொண்டு பதுங்கியிருக்கும். இலைமேல் விழும் மருந்து அதைத் தொடாது. தாய் அந்துப்பூச்சி இரவில் நெடுந்தொலைவு பறக்கும். முட்டைகளைக் குவியலாக இட்டு மெல்லிய செதில்களால் மூடிவைக்கும். புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். இந்த வாழ்க்கைச் சுழற்சியை அறிந்தவருக்குத்தான் அதை எந்த இடத்தில் மறிக்கலாம் என்பது தெரியும். கோடையில் ஆழ உழுதால் கூட்டுப்புழுக்கள் வெயிலுக்கும் பறவைக்கும் இரையாகும். கடைசி உழவில் வேப்பம் புண்ணாக்கு இடுவது, இனக்கவர்ச்சிப் பொறி வைத்து அந்துப்பூச்சியின் வருகையை முன்னரே அறிவது, முட்டைப் பருவத்திலேயே அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளை விடுவது எனப் பின்னாளில் வேளாண் துறையினர் ஊர் ஊராகச் சொன்ன முறைகள் அனைத்தும் பூச்சியைப் படித்தவர்களிடமிருந்து வந்தவை. அந்தத் தாயின் காட்டில் அந்தப் பருவத்தில் சோற்றுக்கு வழியாக இருந்தது மக்காச்சோளம். அதைக் காக்கும் வழியாக இருந்தது பூச்சியியல்.

புல்லைப் படித்தவர்களைப் பற்றியும் ஒரு சொல். கரும்பும் புல்லினம்தான். 1912இல் கோயம்புத்தூரில் தொடங்கப்பெற்ற கரும்பு இனப்பெருக்க நிலையம் உருவாக்கிய ‘கோ’ வரிசை இரகங்களைத்தான் நம் கரும்பு உழவர்கள் பல தலைமுறைகளாக நட்டு வருகின்றனர். அந்நிலையத்தில் 1930களில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தவர் ஜானகி அம்மாள். பெண்கள் கல்லூரி வாயிலைத் தொடுவதே அரிதாக இருந்த காலத்தில் தாவரவியலை வாழ்க்கைத் தொழிலாகத் தேர்ந்தவர் அவர்.

கல்லில் உறைந்த கடல்

பயிரும் பூச்சியும் எல்லா மாவட்டங்களுக்கும் பொது. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் மட்டுமே உரிய செல்வம் ஒன்று உண்டு. காரை என்னும் ஊரின் அருகே மழை அரித்த களிமண் மேடுகளில் நடந்தால், துப்பாக்கிக் குண்டு போன்ற கற்களும் சுருள் சுருளான நத்தைக் கற்களும் காலில் இடறும். அவை கற்களல்ல, கணவாயின் உறவினங்களாகிய பெலம்னைட்டு, அம்மோனைட்டு ஆகிய கடல்வாழ் உயிர்களின் எச்சங்கள். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இங்கே கடல் இருந்தது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்தில் படுத்துக்கிடக்கும் கல்மரம், பூக்கும் தாவரங்கள் பெருகுவதற்கு முந்தைய ஊசியிலை மர வகையைச் சேர்ந்தது. கடற்படிவில் புதைந்து கல்லானது.

இச்செல்வத்தை முதலில் படித்தவர்கள் யார்? 1840களில் இங்கே திரட்டப்பட்ட புதைபடிமங்கள் இலண்டனுக்குச் சென்றன. 1860களில் பிளான்ஃபோர்டு இப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். மொராவியாவில் பிறந்த ஸ்டோலிச்கா இங்குள்ள சிப்பிகளையும் நத்தைகளையும் பெயரிட்டு விரித்தெழுதினார். உலகின் புவியியல் நூல்களில் ‘அரியலூர்’ என்னும் சொல் நூற்றைம்பது ஆண்டுகளாக இருக்கிறது. அரியலூர்ப் பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு அது தெரியும்? தஞ்சை மண்ணில் பிறந்த எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் சாத்தனூர்க் கல்மரத்தை உலகறியச் செய்தார். அவரே 1951இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் முதல் இந்திய இயக்குநரானார். தொலைவிலிருந்து வந்தவர்களும் அண்டை மாவட்டத்தாரும் படித்த ஏட்டை இம்மண்ணின் பிள்ளைகள் இன்னும் பெருமளவில் திறக்கவில்லை என்பதே என் ஆற்றாமை.

ஆற்றாமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்த மிகப்பெரிய எலும்புகளை 1987இல் புவியியலாளர்கள் யாதகிரி, அய்யாசாமி இருவரும் ஆய்வுலகிற்கு அறிவித்தனர். ‘பிருகத்காயோசாரஸ்’, அதாவது பேருடல் பல்லி, எனப் பெயரிடப்பட்ட அவ்விலங்கின் கால் எலும்பு மட்டும் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளம். நிலத்தில் வாழ்ந்த உயிர்களுள் மிகப்பெரியவற்றுள் ஒன்றாக அது இருந்திருக்கக்கூடும். ‘கூடும்’ என்று மட்டுமே கூற முடியும். ஏனெனில், ஈரக் களிமண்ணில் கிடந்த அவ்வெலும்புகள் பருவமழையில் நனைந்து வெடித்து, சேமிப்பகத்தைச் சென்றடையும் முன்பே சிதைந்துபோயின. எஞ்சியவை வரைபடங்களும் சில ஒளிப்படங்களுமே. நனைந்த எலும்பை நொறுங்காமல் இறுக்கி எடுப்பது தனியொரு தொழில். உயிரியலும் வேதியியலும் கைத்திறனும் கூடிய தொழில். அத்தொழிலைக் கற்ற உள்ளூர்க்காரர் சிலர் இருந்து, மழைக்கு முன் அங்கே சென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதை என்னால் தவிர்க்க இயலவில்லை.

சுண்ணாம்புக்கல்லும் கரைவெட்டியும்

கடல் விட்டுச்சென்றது புதைபடிமங்களை மட்டுமன்று, சுண்ணாம்புக்கல்லையும்தான். அதனால் சுரங்கங்கள் வந்தன, சிமெண்டு ஆலைகள் வந்தன, வேலை வந்தது, தூசியும் ஆழ்குழிகளும் உடன் வந்தன. இதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரு முழக்கங்களாகவே ஒலிக்கிறது. ஒருவர் ‘வளர்ச்சி’ என்கிறார். மற்றவர் ‘அழிவு’ என்கிறார். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, பெரிய சுரங்கத் திட்டங்களுக்கு ஆய்வறிக்கையையும் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தையும் விதித்துள்ளது. அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். கூட்டத்திற்கு நூற்றுக்கணக்கானோர் வருவர். அறிக்கையைப் படித்து வந்தவர் எத்தனை பேர்?

நான் ஒருமுறை அத்தகைய அறிக்கை ஒன்றைப் படித்தேன். எந்தத் திட்டம் என்பது இங்கே வேண்டா. பறவைப் பட்டியலில் காகமும் மைனாவும் மயிலும் இருந்தன. குளிர்கால வலசைப் பறவை ஒன்றுகூட இல்லை. ஏமாற்று வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் விளங்கியது: மழைக்காலம் நீங்கலான ஒரு பருவத்துத் தரவு போதும் என்பது நடைமுறை, கணக்கெடுத்தவர் கோடையில் வந்திருந்தார். கோடையில் ஏது வலசைப் பறவை? விதி மீறப்படவில்லை, உண்மையும் பதிவாகவில்லை. இந்த இடைவெளியைக் கூட்டத்தில் எழுந்து சுட்டிக்காட்ட முழக்கம் உதவாது. எந்தப் பறவை எந்தத் திங்களில் வரும் என்று தெரிந்த ஒருவர் வேண்டும். அந்த அறிக்கையைச் செம்மையாக எழுதவும் அதே அறிவுள்ள ஒருவர்தான் வேண்டும். இரண்டும் தொழில்களே, இரண்டாவதற்கு ஊதியமும் உண்டு.

வலசைப் பறவைகளைக் காண நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி, புள்ளம்பாடி வாய்க்கால் வழியாகக் காவிரி நீரைப் பெறுவது. 1999இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஜனவரியில் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் நிலமாக ஏற்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 454 ஹெக்டேர். இமயத்தைக் கடந்து பறக்கும் வரித்தலை வாத்து குளிர்காலத்தில் இங்கே இறங்குகிறது. சுற்றியுள்ள ஊர்களின் பாசனமும் இதே நீரை நம்பியிருக்கிறது. எவ்வளவு நீரை வயலுக்கு விடுவது, எவ்வளவைப் பறவைக்கு நிறுத்துவது என்பதை நீரியலும் உயிரியலும் அறிந்தவர்கள் உழவர்களோடு அமர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

சோற்றுக் கணக்கு

இனி அந்தத் தாய் கேட்ட கணக்குக்கு வருகிறேன். வேளாண்மை, வனவியல், மீன்வளம், கால்நடை மருத்துவம் ஆகிய இளநிலைப் படிப்புகளுக்குத் தமிழ்நாட்டின் பல்கலைக்கழகங்கள் மேல்நிலைத் தேர்வு மதிப்பெண் அடிப்படையில் இடமளிக்கின்றன. வனவியலுக்கு மேட்டுப்பாளையத்தில் கல்லூரி உள்ளது. மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தலில் காட்டுயிர் உயிரியலில் முதுநிலை பயிலலாம். விலங்கியல், தாவரவியல், புவியியல் ஆகியவற்றுள் ஒன்றில் பட்டம் பெற்றவர் இந்திய வனப்பணித் தேர்வு எழுதலாம். மாநிலத் தேர்வாணையம் உதவி வனப் பாதுகாவலர், வனத் தொழில் பழகுநர் பணிகளுக்குத் தேர்வு நடத்துகிறது. புவியியலில் முதுநிலை முடித்தவருக்கு, எம். எஸ். கிருஷ்ணன் தலைமை வகித்த அதே துறையில் சேரும் மத்தியத் தேர்வும் உண்டு.

மறைக்க வேண்டாதவற்றையும் கூறிவிட வேண்டும். இந்திய வனப்பணிக்கு நாடு முழுவதற்கும் ஆண்டுதோறும் மிகக் குறைந்த இடங்களே அறிவிக்கப்படுகின்றன. ஆராய்ச்சியாளராக விரும்புபவர் பட்டம், முதுநிலை, முனைவர் பட்டம் எனப் பத்தாண்டுகள் வரை செலவிட நேரும். தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கிறது. பெறாதவர் பாடு கடினம். திட்டப் பணிகள் பல ஒப்பந்த முறையிலானவை. திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். மணவயது குறித்த வீட்டாரின் அவசரம் இப்பாதையில் பெண்பிள்ளைகளை இடையிலேயே நிறுத்திவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். மருத்துவம் கிடைக்காதவர்க்கு இது ஆறுதல் பரிசு என்று எண்ணி வருபவர் இந்தப் பத்தாண்டைத் தாங்க மாட்டார். காரையின் மேட்டில் ஒரு நத்தைக்கல்லைக் கையிலெடுத்து அதை வைத்துவிட்டுப் போக மனமில்லாதவர் தாங்குவார் என்பது என் கருத்து.

அது தமக்கு உண்டா இல்லையா என்பதை அறிய விண்ணப்பப் படிவம் உதவாது. குளிர்காலத்தில் வனத்துறை நடத்தும் நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பில் மாணவர்களும் தன்னார்வலர்களாகக் கலந்துகொள்ளலாம். குறிப்பேடும் பென்சிலும் வேண்டும். இருகண்நோக்கி இல்லாதவர் அருகிலிருப்பவரிடம் வாங்கிப் பார்த்துக்கொள்ளலாம். கரைவெட்டிக் கரையில் விடியலில் பனி கனமாக இருக்கும். கதிரவன் எழுவதற்குள் அங்கே நின்றுவிட வேண்டும்.