ரோட்டில் ரேஸ்: லத்தி மட்டும் போதுமா?

சென்னை ரோடுகளில் நள்ளிரவில் பைக் ரேஸ் விடும் வாலிபர்களைப் போலீசார் விரட்டிப் பிடிக்கிறார்கள். 3 மாதம் வரை ஜெயில், 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்கிறது சட்டம். ஆனாலும் ரேஸ் நின்றபாடில்லை. ஏன்?

சோழவரம் ஓடுபாதை

வேக ஆசை இன்று நேற்று வந்ததல்ல. இரண்டாம் உலகப் போர் காலத்து சோழவரம் விமான ஓடுபாதையில் பல வருஷம் பைக்குகள் சீறிப் பாய்ந்தன. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய ரேசைப் பார்க்க ஜனங்கள் திரண்டு போனார்கள்.

ஓடுபாதையில் எதிரே லாரி வராது. குறுக்கே மாடு வராது. எல்லாரும் ஒரே திசையில் போவார்கள். விழுந்தாலும் சறுக்கிப் போக இடம் உண்டு. ரோட்டில்? விளக்குக் கம்பமும் தடுப்புச் சுவரும்தான்! வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் 4 மடங்கு.

சிறுவன் சாவு

1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனி ரேஸ் தளம் வந்தது. தோல் உடுப்பு, ஹெல்மெட், கொடி காட்ட ஆள், ஆம்புலன்ஸ் எல்லாம் உண்டு. அங்கேயே 2023 ஆகஸ்டில் ரேசில் விழுந்து 13 வயது சிறுவன் இறந்தான். இத்தனை காவலுக்கு நடுவிலேயே இந்தக் கதி என்றால், ஹெல்மெட்கூட இல்லாமல் ரோட்டில் பறப்பவன் கதி?

ரேஸ் பழகாத பைக்காரர்களும் தளத்தில் ஓட்டிப் பார்க்கத் தனி நாட்கள் உண்டு. ஆனால் கட்டணம், உடுப்பு என்று பர்ஸ் கனமானவர்களுக்கே அது கட்டுப்படியாகும். மெக்கானிக் கடைப் பையனுக்கு? நடுராத்திரி ரோடுதான்!

விரட்டுவதோடு, குறைந்த கட்டணத்தில் தளத்துக்கும் வழி விட்டால் என்ன? அவனும் பிழைப்பான், நைட் டூட்டி முடிந்து சைக்கிளில் வீடு திரும்புகிறவரும் பிழைப்பார்.