கொத்தா ஓட்டுப் போட்டா விவரமில்லாதவங்களா?

"கிராமத்துல தெருவே சேர்ந்து ஒரே சின்னத்துல குத்திடும், யோசிக்கவே மாட்டாங்க"ன்னு படிச்ச மக்கள் அடிக்கடி சொல்றாங்க. எளாவூர்க்காரனான எனக்கு இதுல சுத்தமா உடன்பாடில்லை.

2019 ஏப்ரல் 18-ஐ எடுத்துக்கோங்க. திண்டுக்கல் மக்களவைத் தொகுதியில திமுக 5 லட்சத்துக்கும் மேல ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சது. அதுக்குள்ளேயே இருக்கற நிலக்கோட்டையில அன்னைக்கே சட்டமன்ற இடைத்தேர்தல். அங்க ஜெயிச்சது அதிமுக! ஒரே பூத், ரெண்டு மெஷின். டெல்லிக்கு ஒண்ணு, கோட்டைக்கு ஒண்ணுன்னு பிரிச்சுப் போட்ட ஜனத்தையா விவரமில்லாதவங்கன்னு சொல்றது?

சரி, தெரு ஏன் சேருது? குடிதண்ணி, பட்டா, கம்பெனிக் கழிவுன்னு தனியாப் போய் நின்னா யார் மதிக்கறா? முந்நூறு ஓட்டுன்னா வேட்பாளரே வாசலுக்கு வருவார். கும்மிடிப்பூண்டி சிப்காட்ல சங்கமாச் சேர்ந்து போனஸ் கேட்டா உரிமை, அதே ஆளுங்க ஊர்ல சேர்ந்து ஓட்டுப் போட்டா மட்டும் அறியாமையா?

ஒண்ணு மட்டும் பார்க்கணும். மாத்திப் போட்ட வீட்டை ஊர் ஒதுக்கி வைக்குமா? வைக்காதுன்னா அது கூடிப் பேசி எடுத்த முடிவு. வைக்கும்னா அது மிரட்டல். அதுக்கு ஓட்டுன்னு பேர் வைக்காதீங்க.

நீங்க என்ன சொல்றீங்க மக்கா?