நிலமில்லாதவன் குணம்

மலேசியத் தமிழரிடையே படித்தவரும் பாமரரும், செல்வரும் வறியவரும் ஒருமித்து ஒப்புக்கொள்ளுகின்ற அபிப்பிராயம் ஒன்று உண்டு. தோட்டப்புறத்துத் தமிழன் முன்னேறாமற் போனதற்குத் தமிழனே காரணம். அவன் குடிப்பான், கூலி கிடைத்த அன்றே அதைச் செலவழிப்பான், திருவிழாவுக்குக் கடன்படுவான், ஒற்றுமை என்பதை அறியான். ஆகையால் சர்க்காரின் இனப் பாகுபாட்டைக் குறை சொல்லுவது உழைக்க மனமில்லாதவன் தேடிக்கொள்ளும் சாக்கு என்பதே அந்த அபிப்பிராயம். தீபாவளி உபசரிப்பிலே அரசியல்வாதி இதைச் சொல்லுகிறார். ஆலய மண்டபத்துத் தன்முனைப்புப் பயிலரங்கிலே, கழுத்துப்பட்டையும் ஒலிவாங்கியுமாக உலவுகின்ற பேச்சாளர் இதையே அரை நாள் விரித்துரைக்கிறார். கேட்டிருந்தோர் தம்மை இழித்துரைத்த அவ்வுரைக்குக் கைதட்டிவிட்டு வீடு திரும்புகின்றனர். தன்னைத் தானே நொந்துகொள்ளுவதில் பணிவின் சாயல் இருப்பதனால் இக்கூற்று சத்தியம்போலத் தோற்றமளிக்கிறது. இது பொய் என்பதும், பொய்களுள்ளும் அதிகாரத்திற்கு மிகவும் வசதியான பொய் என்பதும் என் வாதம்.

அவ்வாதத்தை நின்று பேசுவதற்கு ஜொகூரில் பண்டார் தெங்காராவைப்போல் தகுந்த இடம் அரிது. கூலாய்க்கு வடக்கே, அடர்ந்த காடாயிருந்த பிரதேசத்தைத் திருத்தி நகரங்களையும் தோட்டங்களையும் அமைப்பதற்காக 1972-இல் சட்டம் இயற்றி நிறுவப்பட்ட கெஜோரா என்னும் தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியம் சமைத்த ஊர்களில் ஒன்று அது. அங்கிருந்து எத்திசையில் வண்டியைச் செலுத்தினாலும் செம்பனைதான். ஆனால் அச்செம்பனைக்குள் இருவேறு உலகங்கள் இருக்கின்றன. ஒன்று, ஃபெல்டா என்று எல்லாரும் அறிந்த கூட்டரசு நில மேம்பாட்டு வாரியத்தின் குடியேற்றத் திட்டம். மற்றொன்று, கம்பெனிக்குச் சொந்தமான தோட்டம். மரம் ஒன்று, குலை ஒன்று, அதை அறுத்து வீழ்த்தும் நீண்ட அரிவாளும் ஒன்று. முன்னதில் வேலை செய்தவன் இன்று நிலப்பட்டா உடையவன், அல்லது அத்தகையவனின் மகன். பின்னதில் வேலை செய்தவன் வேலை முடிந்த அன்றே லயத்து வீட்டையும் இழந்தவன். இவ்விருவரின் குணத்தை ஒப்பிடுமுன் இவ்விருவருக்கும் கொடுக்கப்பட்டதை ஒப்பிடுவதுதானே முறை?

ஃபெல்டா 1956 ஜூலை மாதம் தோன்றிற்று. நிலமற்ற கிராமத்தானைத் தேர்ந்தெடுத்து, ஏறத்தாழப் பத்து ஏக்கர் பயிரிடவும், மனையில் ஒரு வீடு கட்டிக் குடியிருக்கவும் உதவி, மரம் பலன் தந்த பிறகு அப்பலனிலிருந்தே கடனைப் பிடித்துக்கொண்டு, இறுதியில் நிலத்தை அவன் பெயருக்கே எழுதிக்கொடுப்பது அதன் திட்டம். 1990-இல் ஆள் சேர்ப்பது நிறுத்தப்படும்வரை ஏறக்குறைய 1,12,000 குடும்பங்கள் இவ்விதம் குடியேற்றப்பட்டன. உலகில் இதனினும் பெரிதாக வெற்றி கண்ட நிலச் சீர்திருத்தங்கள் சிலவே. அதைப் புகழ எனக்குத் தயக்கமில்லை. அக்குடியேற்றக்காரர் சோம்பியிருந்து பெற்றவருமல்லர். காட்டுக்கொசுவும் கடன்சுமையும் அவர்களையும் வாட்டின.

ஆயினும் விண்ணப்பதாரனுக்கு வேண்டிய இலக்கணங்கள் எவை என்று பாருங்கள். நிலம் இருக்கக்கூடாது, மணமானவனாக இருக்கவேண்டும், உடலுழைப்புக்கு ஏற்ற வயதும் கிராம வாழ்க்கையின் பழக்கமும் வேண்டும். இவற்றைத் தோட்டத்து லயத்துக்குக் கொண்டுபோய்ப் பொருத்தினால் தவறாமல் பொருந்துகின்றன. அதற்கும் மேலாக, பால்மரம் வெட்டவும் செம்பனைக் குலை அறுக்கவும் இரண்டு தலைமுறையாகக் கற்றுத் தேர்ந்தவன் அங்கே இருந்தான். அப்படியிருந்தும் ஆரம்பக் காலத்துத் திட்டங்கள் சிலவற்றைத் தவிர்த்தால் ஃபெல்டாவின் குடியேற்றக்காரர் அநேகமாக எல்லாரும் மலாய்க்காரர்களே. பண்டார் தெங்காராவைச் சுற்றி அழிக்கப்பட்ட காடு நிலமற்றவர்களுக்காக அழிக்கப்பட்டது. நிலமற்றவர் என்ற கணக்கில் தமிழன் சேரவில்லை.

இதற்கு அரசியல் சட்டமே அனுமதி தந்திருக்கிறது என்று சொல்லி வாயை அடைப்பவர் உண்டு. மலாய்க்காரரின் சிறப்பு நிலையைக் காக்கும் 153-ஆவது ஷரத்தை நானும் மதிக்கிறேன். அதை எடுத்துவிடவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. அந்த ஷரத்து பேசுவது அரசாங்க உத்தியோகங்கள், உபகாரச் சம்பளங்கள், கல்விச் சலுகைகள், தொழில் உரிமங்கள், பின்னர் 1971-இல் சேர்க்கப்பட்ட உயர்கல்வி இடங்கள் ஆகியவற்றைக் குறித்து. இதர சமூகங்களின் நியாயமான நலன்களையும் காப்பது மாமன்னரின் பொறுப்பு என்று அதே வாக்கியம் கூறுகிறது. குடியேற்ற நிலத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. மலாய் ஒதுக்கீட்டு நிலத்தைப் பற்றி 89-ஆவது ஷரத்து தனியே பேசுகிறது. மற்றபடி, சொத்தை அடைவது சம்பந்தமான சட்டத்தை நிர்வகிப்பதில் அரசியல் சட்டம் வெளிப்படையாக அனுமதித்தாலன்றி இன பேதம் பாராட்டலாகாது என்று 8-ஆவது ஷரத்தே விதித்திருக்கிறது. ஆகவே தமிழன் விலக்கப்பட்டது ஷரத்தினால் அன்று. ஆள் தெரிவு செய்த மேசையிலே.

அந்த மேசைக்கு அவன் வந்துசேர முடியாதபடி வேறு தடைகளும் இருந்தன. நிலம் மாநிலத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. மாநிலத்தில் தோட்டத்தானுக்காகப் பேசுவார் இல்லை. தோட்டம் தனியார் சொத்து என்பதனால், கிராம அபிவிருத்திக்கென ஒதுக்கிய குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் சாலையும் அதன் எல்லைக்கு வெளியே நின்றுவிட்டன. வீடும் நீரும் முதலாளியின் பொறுப்பு என்று 1966-ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கிவிட்டது. பிறந்த தேதிக்குச் சான்று இல்லாதவனும், பிரஜாவுரிமைக்கு உரிய காலத்தில் மனுச் செய்யாதவனும் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றான். 1968-இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தினால் அத்தகையோருள் ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினர் என்பது வரலாற்றாசிரியர் பலர் தரும் கணக்கு. மரம் நட்டு, பால் எடுத்து, பிள்ளைகளையும் பெற்ற நாட்டிலே வேலை செய்ய அனுமதிச் சீட்டு கேட்கப்பட்டவன் சேமிக்கத் தெரியாதவனாம்!

இனி, மேற்சொன்ன அபிப்பிராயத்தை வேரோடு சாய்க்கின்ற சாட்சி அரசாங்கத்தின் ஏடுகளிலேயே இருக்கிறது. வெள்ளையர் காலத்தில் சோம்பேறி என்ற பட்டம் சுமத்தப்பட்டவன் தமிழனல்லன், மலாய்க்காரன். அப்பட்டம் காலனிய முதலாளித்துவத்தின் சிருஷ்டி என்பதைச் சையது ஹுசேன் அலாத்தாஸ் 1977-இல் வெளியிட்ட நூலிலே ஆதாரங்களோடு நிறுவினார். மலாய்க்காரர் அறிஞரின் நூலுக்காகக் காத்திருக்கவில்லை. 1970-இல் தீபகற்பத்து மலாய்க் குடும்பங்களில் ஏறத்தாழ 65 விழுக்காடு வறுமையில் இருந்தன. கம்பெனிப் பங்குகளில் அவர்களுக்கு இருந்தது 2.4 விழுக்காடு. 1971-இல் புதிய பொருளாதாரக் கொள்கை பிறந்தது; நிலம், பள்ளி, பல்கலைக்கழகம், கடன், உத்தியோகம் என்று அரசு அள்ளிக்கொடுத்தது; 1990-இல் வறுமை கால் பங்கிற்கும் கீழே இறங்கிற்று. இருபது ஆண்டுகளில் ஒரு சமூகத்தின் ரத்தமும் சுபாவமும் மாறிவிடுமா? மாறியது கொள்கை. வறுமை குணத்தினால் வருவதன்று என்பதை மலேசிய அரசாங்கமே இவ்வளவு பெரிய பரீட்சை நடத்தி நிரூபித்துக் காட்டிய பின்னும், அவர்கள் கழற்றி எறிந்த பட்டத்தை எடுத்துத் தன் தலையில் சூட்டிக்கொள்ளுகின்ற நம்மவனை என்னவென்று சொல்லுவது!

குடியைப் பற்றிய குற்றச்சாட்டுக்குச் சற்று அதிக இடம் கொடுக்கவேண்டும், ஏனெனில் நல்ல மனிதர்களும் மயங்குகின்ற இடம் அதுவே. தோட்டத்தில் கள்ளுக்கடையை வைத்தவர் யார்? சர்க்கார் உரிமம் கொடுத்தது. துரைமார் தோட்டத்துக்குள்ளேயே கடை திறந்தனர். கொடுத்த கூலியின் ஒரு பாகம் மாலைக்குள் கடைவழியே திரும்பிவந்தது. இதை எதிர்த்தவர் யார் என்றும் கேட்கவேண்டும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் தலைமையில் எழுந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் படித்தவர்களுக்கு அது தெரியும்: சீனத் தொழிலாளிக்கு ஈடான கூலி வேண்டும்; துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும்; பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும்; கள்ளுக்கடைகளை மூடவேண்டும். பதில் துப்பாக்கியால் வந்தது, ஐவர் மாண்டனர், நாதன் நாடுகடத்தப்பட்டார். யுத்தம் முடிந்த பின் கெடாவில் தொண்டர் படை என்ற இளைஞர் இயக்கம் கள்ளுக்கடைகளுக்கு எதிராக மீண்டும் கிளம்பியபோதும் 1947-இல் போலீஸ் தடியடியே அதை எதிர்கொண்டது. குடியை விட முயன்றவனை அடித்துத் தடுத்துவிட்டு, அவன் பேரனிடம் 'உன் பாட்டன் குடிகாரன்' என்று உபதேசம் செய்வது ஒரு விசித்திரமான தர்மம். இன்று குடிக்கிறவனுக்காக நான் பரிந்து பேசவில்லை. அவன் குடிப்பதனால் அவன் வீடு கெடுகிறது என்பது பிரத்தியட்சம். சமூகம் முழுவதன் நிலமின்மைக்கு அது காரணமன்று என்பதே என் பேச்சு.

சேமிக்கத் தெரியாதவன் என்ற வசைக்கும் சரித்திரம் விடை வைத்திருக்கிறது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக் கம்பெனிகள் தோட்டங்களைக் கூறுபோட்டு விற்ற தோட்டத் துண்டாடல் நிகழ்ந்தபோது, துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். தினக்கூலி பெற்ற ஆண்களும் பெண்களும் சிறுகச் சிறுகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்கினர். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் அவர்கள் சங்கத்துக்குச் சொந்தமாயிற்று. பின்னும் பல தோட்டங்கள் வாங்கப்பட்டன. அயலானுக்கு அரசின் உதவியால் கிடைத்த நிலத்தைத் தமிழன் தன் கைக்காசு கொடுத்து வாங்கியிருக்கிறான். அரசின் கை சேராமல் அவ்வழியில் எட்டக்கூடிய தூரம் கொஞ்சமே என்பது அவனுடைய பிழையா?

'சீனன் சலுகையின்றி முன்னேறவில்லையா?' என்பது அடுத்த கேள்வி. கூலாய்ச் சாலையிலே கெலாப்பா சாவிட் போன்ற புதுக்கிராமங்களைக் கடந்து செல்பவர்களுக்கு அதன் விடை கண்ணெதிரே தெரியும். கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்கிய அவசரகாலத்தில் ஏறத்தாழ ஐந்து லட்சம் சீனரை முள்வேலிக்குள் குடியேற்றியது கொடுமையே. ஆனால் அந்த மனை ஒரு முதலாளியின் மனையன்று. அது சாலைக்கும் சந்தைக்கும் அருகில் இருந்தது. வேலி போனபின் கிராமம் நிலைத்தது. அதே காலத்தில் தோட்டத்துத் தமிழன் தோட்டத்துக்குள்ளேயே ஒன்றுதிரட்டப்பட்டான். முன்னிருந்த துரையின் நிலத்திலேயே இருந்தான். இந்த வேறுபாட்டைப் புதிய பொருளாதாரக் கொள்கை கண்டுகொள்ளவில்லை. பூமிபுத்ராவுக்கு 30, இதர மலேசியருக்கு 40, அந்நியருக்கு 30 என்று பங்குகளைப் பிரித்தபோது, வங்கியும் தகரச் சுரங்கமும் வைத்திருந்தவனோடு லயத்தில் வாழ்ந்தவனும் 'இதர மலேசியர்' என்ற ஒரே கூடையில் போடப்பட்டான். 1970-இல் சுமார் ஒரு விழுக்காடாக இருந்த இந்தியர் பங்கு 1990-இலும் சுமார் ஒரு விழுக்காடாகவே இருந்தது.

இந்தியரின் வறுமையும் அக்காலத்தில் குறைந்தது என்று புள்ளிவிவரம் காட்டுவோருக்கும் பதில் சொல்லவேண்டும். குறைந்தது மெய். ஆனால் வறுமைக் கோடு வருமானத்தை அளக்கிறது. காலடியில் இருக்கும் மண்ணை அளப்பதில்லை. எண்பதுகளுக்குப் பின் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் குழிப்பந்து மைதானங்களாகவும் மாறியபோது, கோட்டுக்கு மேலே இருந்த அதே குடும்பம் ஒரே அறிவிப்பினால் வேலையையும் வீட்டையும் பள்ளியையும் கோயிலையும் சேர்த்து இழந்தது. 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவனுக்கு ஆண்டுக்கு இருபது நாட் கூலி இழப்பீடு. முப்பது ஆண்டு உழைத்தவனுக்கு அறுநூறு நாட் கூலி. அதே முப்பது ஆண்டில் பக்கத்துத் திட்டத்தில் உழைத்தவனுக்குப் பத்து ஏக்கரும் வீடும்.

'மண்ணின் மைந்தருக்கு முதலிடம்' என்ற கோஷத்தின் யதார்த்தத்தையும் இவ்வட்டாரமே காட்டுகிறது. பண்டார் தெங்காராவுக்கு அப்பால் லிங்கியூ நீர்த்தேக்கம் இருக்கிறது. அது அமைந்த பள்ளத்தாக்கில் எவருக்கும் முன்பே வாழ்ந்தவர் ஜக்கூன் என்னும் ஓராங் அஸ்லி மக்கள். 153-ஆவது ஷரத்தில் மலாய்க்காரரும் சபா, சரவாக் சுதேசிகளும் உண்டு, இவர்கள் பெயர் இல்லை. சிங்கப்பூருக்குத் தண்ணீர் தரும் அத்திட்டத்துக்காக 1990-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி ஜொகூர் அரசு 32 கோடி ரிங்கிட் நஷ்டஈடு பெற்றது. காட்டை இழந்த ஜக்கூன் மக்களோ நீதிமன்றத்தை நாடவேண்டியதாயிற்று. 52 பேர் தொடுத்த வழக்கில் 1997-இல் ஜொகூர் உயர் நீதிமன்றம் அவர்களுக்கு ஏறத்தாழ 2 கோடியே 65 லட்சம் ரிங்கிட் விதித்தது. மறு ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதற்கு முன்னரும் பின்னரும் அவர்களைப் பற்றிச் சொல்லப்படுவது என்ன தெரியுமா? ஓரிடத்தில் நிலைத்திருக்கமாட்டார்கள், சேமிக்கமாட்டார்கள், உழைக்கமாட்டார்கள் என்பதே. இவ்வசையைத் தமிழ்ப் பேச்சாளரும் ஒரு சொல் மாறாமல் நம்மைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஜக்கூன் மக்கள் தன்முனைப்புப் பயிலரங்கைத் தேடிப் போகவில்லை. அவர்கள் வழக்குரைஞரைத் தேடிப் போனார்கள்.